ஆறரை ஆண்டுப் படகு வாழ்க்கையை முடித்துக் கரையேறுகிறோம்: விற்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பதினான்குநாள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 2019 ஏப்ரலில் நார்தாம்ப்டன்ஷயரில் 57 அடி நீளமுள்ள நாரோபோட் (கால்வாய்களில் ஓடும் குறுகலான படகு) ஒன்றை வாங்கி, வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் அதில் குடியேறினோம். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் எதுவும் எடுக்கவில்லை. கிராண்ட் யூனியன், ஆக்ஸ்போர்டு, லாங்கோலன், கெனெட்–ஏவன், டிரென்ட்–மெர்சி என்று கால்வாய் கால்வாயாகச் சுற்றிவந்து, இப்போது வட இங்கிலாந்தில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில், சில்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறோம். இந்தக் குளிர் தொடங்குவதற்குள் படகை விற்றுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டோம்.

படகு பற்றி அறியாதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு விளக்கம். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, கட்டுமிடம் இல்லாதவர்கள் படகை மெய்யாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது. நியாயமான காரணம் இருந்தால் மட்டும் கூடுதல் நாட்கள் உண்டு. என் புனைபெயர் அதிலிருந்து வந்ததுதான். இத்தனை ஆண்டுகளாக எங்கள் நாட்காட்டியில் கிழமைக்கு மதிப்பில்லை. இந்த இடத்தில் இது எத்தனையாவது நாள் என்பதுதான் கணக்கு.

விற்பதற்கு முதல் காரணம் மனைவியின் கை. 2024 ஜனவரியில் செஷயர் லாக்குகளில் (நீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும், கதவு வைத்த தொட்டிகள்) இறங்கிக்கொண்டிருந்தபோது, உறைபனி படிந்திருந்த லாக் கதவின் நடைபலகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நல்லவேளை, கரைப்பக்கம் விழுந்தார். எலும்பு கூடிவிட்டது என்றாலும் 25 கிலோ நிலக்கரி மூட்டையைக் கூரையிலிருந்து இறக்குவது இனி அவரால் ஆகாது. வீடு வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அதற்கும் முன்பே வந்துவிட்டது. எனக்குத்தான் காதில் விழவில்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2025 புத்தாண்டு அன்று லிட்டில் பாலிங்டன் அருகே பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரை உடைந்தது. நாங்கள் வடக்கே வந்த வழி அதுதான், அது அடைபட்டது. கோடையில் வறட்சி. நீர்த்தேக்கங்கள் வற்றி இந்தக் கால்வாயின் பல லாக்குகளை மூடிவிட்டார்கள். பிங்லிக்கும் கார்கிரேவுக்கும் இடையே லாக்கே இல்லாமல் ஏறத்தாழ 17 மைல் சமதளக் கால்வாய் இருக்கிறது. மாதக்கணக்கில் அதற்குள்ளேயே ஸ்கிப்டன், கில்ட்விக், சில்ஸ்டன், ரிடில்ஸ்டன் என்று போவதும் திரும்புவதுமாக இருந்தோம். ஊர் அழகான ஊர். ஆனால் பயணம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் கேள்வி. படகைத் தரகரிடம் விடுவதா, நாமே விளம்பரம் செய்வதா? வாங்குபவர் கேட்கும் சர்வேக்குப் படகை எப்படித் தயார் செய்வது? இத்தனை ஆண்டுகள் முகவரி இல்லாமல் இருந்துவிட்டு வாடகைக்கு வீடு பிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும், அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நிற்கப் பழகினீர்களா?

கரும்பூச்சு

நாங்கள் 2022இல் விற்றோம். நாலரை ஆண்டு இருந்தோம். கேட்டதற்கு வரிசையாக எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரகர்கள் எங்களிடம் விற்பனை விலையில் 6 சதவீதமும் அதன்மேல் வாட் வரியும் கேட்டார்கள். அதோடு படகை அவர்களுடைய மரீனாவில் (படகுகளைக் கட்டிவைக்கும் துறை) கொண்டுபோய்க் கட்ட வேண்டும். நீங்கள் 17 மைலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்போது அது எப்படி நடக்கும்? லாரியில் ஏற்ற வேண்டுமென்றால் இரு முனையிலும் கிரேன், நீளமான வண்டி, பல ஆயிரம் பவுன். இருக்கும் இடத்திலேயே, படம் நன்றாக எடுத்து, நேரடியாக விற்றுவிடுங்கள். அந்த வட்டாரத்தில் படகு தேடுபவருக்கு வறட்சி ஒரு தடையே இல்லை.

சர்வேதான் உயிர்நாடி. படகை நீரிலிருந்து மேலேற்றி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் கனத்தைப் புள்ளி புள்ளியாக அளப்பார்கள். உங்களுடையது பெரும்பாலும் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேற்கூடு 4 என்ற கட்டுமானமாக இருக்கும். எங்காவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் முகம் சுளிக்கும். மேல்தகடு பற்றவைக்கச் சொல்வார்கள். வாங்குபவர் அந்தச் செலவை விலையில் கழிப்பார். ஆகவே தார்ப்பூச்சு எப்போது அடித்தீர்கள், தகட்டுக்குப் பதில் தான் அரிபட்டுத் தேயும் ஆனோடு எப்போது மாற்றினீர்கள் என்பதற்கான ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். சர்வேக்கு முன்னால் புதிதாகத் தார் பூசிவிடாதீர்கள். மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள், அளப்பதற்கும் சுரண்ட வேண்டும்.

காகிதங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் படகோடு போகும், புதியவருக்குப் பயன்படும். கால்வாய் லைசென்ஸ் அப்படி இல்லை, அது உங்களோடு முடிகிறது. இங்கே படகின் உரிமைக்கு நிலப் பத்திரம்போல ஒரு மையப் பதிவேடு கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண் உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. நீங்கள் வாங்கியபோது எழுதிக்கொண்ட விற்பனைச் சீட்டும், அதற்கு முந்தையவர்களின் சீட்டுகளும் எவ்வளவு தொடர்ச்சியாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. 1998க்குப் பிறகு கட்டியதாக இருந்தால் கட்டியவர் கொடுத்த இணக்க அறிவிப்பும் கையேடும் கேட்பார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: முதல் மூன்று மாதம் எனக்கு வீட்டில் தூக்கம் வரவில்லை. காரணம் எளிமையானது. படகில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொருள் உண்டு. கயிறு முனகினால் யாரோ வேகமாகப் போகிறார்கள். தண்ணீர்ப் பம்பு தானாக ஒரு விநாடி ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. வீட்டில் சத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எதற்கும் நான் எழுந்து போக வேண்டியதில்லை. பழகிவிட்டது. இரண்டு ஆண்டு ஆயிற்று.

வடமராட்சிப்பொடியன்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துக் கொஞ்சம் கலங்கிப்போனேன். நான் கிழக்கு லண்டனில் ஒரு அறையில் இருக்கிறேன், சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. இரண்டு ஆண்டாகக் காசு சேர்த்து ஒரு நாரோபோட் வாங்கலாம் என்று இருக்கிறேன். வயது 31. வீட்டில் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கரையேறுகிறவர்களின் கதையைக் கேட்டுவிட்டு ஏறுவது சரியா, அல்லது ஏறாமல் இருப்பதுதான் புத்தியா?

தனித்துடுப்பு

தம்பிக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் இழையைத் தொடங்கியவருக்கு.

ஐயா, விற்காதீர்கள். நான் ஒன்பது ஆண்டாகத் தனியாகப் படகில் இருக்கும் பெண். ஒரு குளிர்காலம் கை வலித்ததென்று வீட்டை விற்பவர்கள் உண்டா? ஒரு மரீனாவில் கட்டுமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கரை மின்சாரம் கிடைக்கும், குழாய் பக்கத்திலேயே இருக்கும், கழிவைக் கொட்டப் பெட்டியை இழுத்துக்கொண்டு அரை மைல் நடக்க வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே இருங்கள். எப்படியும் அந்த மாதங்களில் பழுதுபார்க்க லாக்குகளை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் கட்டவிழ்த்துப் புறப்படுங்கள். விற்ற பிறகு திரும்ப வாங்குவேன் என்று சொன்ன எட்டுப் பேரை எனக்குத் தெரியும். ஒருவர்கூட வாங்கவில்லை.

லாங்கோலன் கால்வாயின் போன்ட்கசில்டே நீர்ப்பாலத்தில் 38 மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரே இல்லாத இரும்புத் தொட்டியில், கீழே டீ ஆற்றைப் பார்த்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருப்பீர்கள். பொறியாளர்கள் டெல்ஃபோர்டும் ஜெசப்பும் 1805இல் கட்டி முடித்தது இன்றும் சொட்டாமல் நிற்கிறது. அதன்மேல் சொந்த வீட்டை ஓட்டிக்கொண்டு போனவர் இனி தெருமுனைக் கடைக்குப் பஸ்ஸில் போவதா? என் மனம் ஒப்பவில்லை. கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள், எனக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தம்பி: வாங்குங்கள். ஆனால் லண்டனை மனத்தில் வைத்து வாங்காதீர்கள். அங்கே கட்ட இடம் தேடுவதிலேயே உங்கள் சனிக்கிழமைகள் போய்விடும். வேலை எந்த ஊரில் இருந்தும் செய்யலாம் என்ற நிலை வந்த பிறகு வாங்குங்கள்.

பதினான்குநாள்

தனித்துடுப்பு, நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று ஆண்டுக்கு முன்பு யாராவது இப்படி ஓர் இழை தொடங்கியிருந்தால் நானே இதைத்தான் எழுதியிருப்பேன்.

மரீனாவை யோசித்துப் பார்த்தோம். கணக்குப் போட்டும் பார்த்தோம். கட்டுமிட வாடகை, லைசென்ஸ், காப்பீடு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தார்ப்பூச்சு, அதோடு கரையில் இருக்கப்போகும் வீட்டு வாடகை. இரண்டையும் சேர்த்துத் தாங்க எங்கள் வருமானம் போதாது. படகில் மட்டுமே இருப்பதென்றால் தாங்கும். ஆனால் கட்டியே கிடக்கும் படகு என்னால் பார்க்க முடியாத ஒன்று. குளிரில் கரியடுப்பு எரியாத படகு ஒரே பருவத்தில் உள்ளே வியர்த்து, பலகை கறுத்து, மெத்தையின் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு மாதம் ஒருமுறை ஆகும். பிரான்ஸ்டன் சந்தியில் அப்படி ஒன்று எங்களுக்கு எதிரே நின்றது. நல்ல படகு, பித்தளைப் பிடிகள் எல்லாம் பச்சை பூத்து, கூரையில் பாசி. யாரோ ஒருவர் விற்க மனமில்லாமல் வைத்திருந்தார். அந்த நிலைக்கு எங்கள் படகை விடமாட்டேன். ஓட்டுகிறவர் கையில் கொடுப்பதுதான் அதற்கு மரியாதை.

கரும்பூச்சு சொன்ன ரசீதுகளைத் தேடி எடுத்தேன். 2021இல் தார் பூசியதற்கும் 2024இல் பூசியதற்கும் இருக்கிறது. அதற்கு முந்தைய உரிமையாளர் காலத்தில் ஒரு படகுத்துறையில் ஆனோடு மாற்றியதாகச் சீட்டு இருக்கிறது, ஆனால் நாங்கள் முதல் முறை மேலேற்றியபோது பழைய ஆனோடுதான் தேய்ந்து கிடந்தது. மாற்றாமலே பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சீட்டை வாங்குபவரிடம் காட்டமாட்டேன். உண்மையில்லாத காகிதம்.

வடமராட்சித் தம்பிக்கு: ஏறுங்கள். உங்கள் வயதில் நான் ஏறாமல் போனேனே என்றுதான் எனக்குக் குறை. ஆனால் ஏறும்போதே, உடம்பில் வலு இருக்கும்போது இறங்குவேன் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

மதகுக்காரன்

வேறு ஒரு விஷயம். நிரந்தரக் கட்டுமிடம் இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து லைசென்ஸில் கூடுதல் கட்டணம் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு ஏறி 2028இல் 25 சதவீதத்தைத் தொடும் என்று கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை (கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்) அறிவித்திருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் விற்றுவிட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணமா? நான் மரீனாவில் இருப்பவன், ஆண்டு முழுக்கக் கட்டுமிட வாடகை கட்டுகிறேன். ஊர் ஊராகப் போகிறவர்கள் லாக்குகளையும் குழாய்களையும் கழிவிடங்களையும் என்னைவிடப் பல மடங்கு பயன்படுத்துகிறார்கள். கூடுதலாகக் கட்டுவதில் என்ன அநியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

தனித்துடுப்பு

குழாயைப் பயன்படுத்துகிறோம், உண்மைதான். ஆளில்லாத கால்வாய்களில் லாக் கதவுகள் இறுகிப்போகாமல் ஓடுவதும் எங்களால்தான். களை மூடிய கால்வாயில் முதலில் புகுந்து வழி திறப்பது யார்? கரை ஒழுகுகிறது, மதகு உடைந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்வது யார்? ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கும், வாடகை தாங்காமல் படகுக்கு வந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கூடுதல் கட்டணம் ஒரு மாதக் கரிச்செலவு. அரசு மானியம் 2027 முதல் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்பதால் அறக்கட்டளைக்குப் பணம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. 2,000 மைல் நீர்வழியை யாராவது பராமரிக்கத்தான் வேண்டும். அந்தப் பணத்தை நிலம் இல்லாதவர்களிடமிருந்து முதலில் எடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

பதினான்குநாள்

மதகுக்காரருக்கு: இல்லை. கட்டணத்துக்காக விற்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தாலும் கட்டியிருப்போம்.

நடுக்கயிறு

இந்த இழையைத் தொடங்கியவரின் மனைவி நான். இங்கே கணக்கு இல்லாமல் இருந்தேன். அவர் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்பதால் பதிவு செய்துகொண்டேன்.

என் மணிக்கட்டு எட்டு வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது வலி இல்லை. கரி மூட்டையை நான் பாதிப் பாதியாக வாளியில் இறக்குவேன், அதில் எனக்குக் கஷ்டமும் இல்லை. வீடு வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

நான் நர்ஸ். விழுந்த அன்று கையைப் பார்த்தவுடன் முறிவு என்று எனக்கே தெரிந்துவிட்டது, பயப்படவில்லை. பயந்தது அதற்குப் பிறகுதான். அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டோம், அதே இடத்தில் கூடுதல் நாள் தங்க அனுமதி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டி காலியாகும், கழிவுப் பெட்டி நிறையும். அதற்காகவாவது நகர்ந்தே ஆக வேண்டும். அப்போது இரண்டு பேர் வேலையையும் இவர் ஒருவராகச் செய்தார். லாக்குக்குள் படகை விட்டு, நடுக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் இறங்கி, மதகைத் திறந்து, நீர் இறங்கியதும் பாசி பிடித்த இரும்பு ஏணியில் படகுக்கு இறங்குவார். லாக்கின் பின்பக்கத்தில் ஒரு கல்படி இருக்கிறது. நீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் கவிழ்ந்து சில நிமிடத்தில் மூழ்கும். நான் ஒற்றைக் கையோடு கரையில் நின்று, படி, படி என்று கத்திக்கொண்டிருப்பேன். அவருக்கு வயது 58. காது கொஞ்சம் மந்தம். அதை அவர் இந்த இழையில் எழுதவில்லை.

இந்தக் கால்வாயில் லாக் இல்லாவிட்டாலும் சுழல்பாலங்கள் நிறைய. திறக்கும் பிடி பல இடங்களில் நடைபாதைக்கு எதிர்க்கரையில் இருக்கும். ஒருவர் மட்டும் என்றால் படகைக் கட்டிவிட்டு, பாலத்தைத் தாண்டிப் போய்த் திறந்துவிட்டால், பிறகு படகு இந்தக் கரையில், ஆள் அந்தக் கரையில். தனித்துடுப்பு சகோதரிக்கு இது நன்றாகத் தெரியும், அவர் ஒன்பது ஆண்டாகச் செய்கிறார், அவரை நான் வணங்குகிறேன். அவருக்குக் கேட்கும் காது இருக்கிறது. என் கணவருக்கு எஞ்சின் சத்தத்துக்கு மேல் நான் கத்துவது கேட்பதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது 14 நாள் விதியை நிறுத்திவைத்தார்கள். நாங்கள் ஸ்டோக் புரூர்னில் நின்றுவிட்டோம். அங்கிருந்து நான் மருத்துவமனைக்குக் காரில் போய்வந்தேன். அந்த ஊரில் லாக்குக்குப் பக்கத்தில்தான் மேரி வார்ட் என்ற நர்ஸ் தன் வீட்டில் வைத்துப் படகுக் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்த்தார். பிரசவம் பார்த்தார், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்பார்கள். இரவு வேலை முடிந்து வந்து அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் படகுக்குப் போவேன். எதற்கும் அழாத நான் அந்த வசந்தத்தில் பல நாள் அந்த இடத்தில் நின்று அழுதேன். படகுக்குள் வந்தால் இவர் கரியடுப்பின் மேல் ரசம் வைத்திருப்பார். எங்கள் படகு எனக்கு அந்த ஆண்டில் என்ன செய்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, "மனைவிக்கு வீடு வேண்டும்" என்று யாரும் எழுதாதீர்கள். படகை விடுவதில் இவரைவிட எனக்குத்தான் இழப்பு அதிகம். விடலாம் என்று சொன்னதும் நான்தான்.

தனித்துடுப்பு

அக்கா, நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விற்றுவிடுங்கள். லீட்ஸ் பக்கம் நான் வரும்போது உங்கள் வீட்டில் ஒரு வேளை சோறு போடுங்கள்.

மரக்காணத்தான்

நான் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை, பேரன் காட்டித்தான் இந்த இழையைப் படித்தேன். ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் தாத்தா பக்கிங்காம் கால்வாயில் படகு ஓட்டினார். மரக்காணத்திலிருந்து உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு சென்னைப் பட்டணத்துக்குப் போவார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றுவது, அதுவும் ஆகாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பது. லாரி வந்த பிறகு சரக்குக் குறைந்தது, கால்வாயும் தூர்ந்துபோனது. தாத்தா படகை விற்கவில்லை. வாங்க ஆள் இல்லை. கரையில் இழுத்துப் போட்டார், மழையில் மக்கிப் போயிற்று. கழியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கூரை உத்தரத்தில் செருகி வைத்தார். அதில்தான் எங்கள் வீட்டில் துணி உலர்ந்தது.

உங்கள் படகை வாங்க ஆள் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம் ஐயா.

பதினான்குநாள் (மூன்று வாரத்துக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. மனைவி எழுதியதை இங்கே வந்துதான் படித்தேன். நேரில் அவர் அதை அப்படிச் சொன்னதில்லை. மரக்காணத்தாருக்கு என் வணக்கம்.

படகு விற்றாகிவிட்டது. விளம்பரம் போட்ட இரண்டாம் வாரத்தில் மூன்று பேர் பார்த்தார்கள். கொரோனாக் காலத்தில் ஏறிய விலை பின்னர் இறங்கிவிட்டதால், 2021இல் எங்களிடம் ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்ட விலை இப்போது கிடைக்கவில்லை. முதலில் வந்தவர் உள்ளே பத்து நிமிடம் நின்றுவிட்டுச் சமையலறையைப் பற்றி மட்டும் பேசினார். இரண்டாமவர் வார இறுதி வாடகைக்கு விடுவதற்காகக் கேட்டார். மூன்றாவதாக வந்தது ஓய்வுபெற்ற ஒரு தச்சரும் அவர் மகளும். அவர் வந்தவுடன் பின்தளப் பலகையைத் தூக்கி எஞ்சின் அறையில் தலையை விட்டார். பிறகு படுக்கையின் அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்போதே எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது.

மழை வந்து நீர் ஏறியிருந்ததால் சர்வேக்குப் படகை மேலேற்ற வழி கிடைத்தது. அடித்தகட்டில் பெரும்பாலும் 9க்கு மேல், பக்கத் தகட்டில் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் 4.8. குழிவிழுந்த அரிப்பு கொஞ்சம். அதற்காக விலையில் ஒரு தொகை குறைக்கக் கேட்டார், கொடுத்தேன். ஆனோடுச் சீட்டு விஷயத்தையும் நானே சொல்லிவிட்டேன். சர்வேயர் சிரித்து, அது தகடு சொல்லும் கதையில் ஏற்கெனவே இருக்கிறது என்றார்.

காலி செய்தபோது ஒன்று கவனித்தேன். ஆறரை ஆண்டு வாழ்க்கை ஒரு காரில் மூன்று நடையில் அடங்கிவிட்டது. மனைவியின் அம்மிக்குழவி மட்டும் தனி நடை. அது முன்தளத்தில், 13 கிலோ கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், படகின் சமநிலைக்காக இடப்பக்கம் வைத்திருந்தது. எடுத்தவுடன் படகு வலப்பக்கம் ஒரு விரல் சாய்ந்தது. புதியவரிடம் அதைச் சொல்லி, ஒரு பாறாங்கல் வைக்கச் சொன்னேன்.

வீடு கிடைத்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுதான் கடினமாக இருந்தது. முந்தைய மூன்று ஆண்டு முகவரி கேட்டார்கள். நார்தாம்ப்டனில் நண்பர் வீட்டு முகவரிக்குத்தான் எங்கள் கடிதங்கள் வந்தன, ஓட்டுநர் உரிமமும் அங்கேதான். ஆனால் அங்கே குடியிருந்தோம் என்று எழுத முடியாது, அது பொய். வாக்காளர் பட்டியலில், நிலையான முகவரி இல்லாதவர்கள் கொடுக்கும் உள்ளூர்த் தொடர்பு அறிவிப்பைக் கொடுத்துப் பதிந்திருந்தோம், அந்தக் காகிதமும், ஆறு ஆண்டு லைசென்ஸ் ரசீதும், மனைவியின் சம்பளச் சீட்டும் கொண்டுபோய் வைத்தோம். இரண்டு வாடகை முகமையில் கணினி ஏற்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு வீட்டுக்காரர் அம்மையார் நேரில் பேசினார். அவருடைய தாத்தா இதே கால்வாயில் கரிப்படகு ஓட்டியவராம். வீடு கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

வடமராட்சிப்பொடியன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் அண்ணா. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, படகில் சுவாமிப்படம் வைக்க இடம் இருக்குமா என்று கேட்டார். இருக்குமா?

நடுக்கயிறு

இருக்கும் தம்பி. கரியடுப்புக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே வையுங்கள். திருகாணி போட்டு இறுக்குங்கள், வேறு படகு இடித்தால் விழும். விளக்கு எண்ணெய் விளக்காக வேண்டாம், காற்றோட்டத் துவாரத்தை அடைத்துவிட்டு எதையும் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவும் தூங்காதீர்கள்.

பதினான்குநாள்

நேற்றுப் படகு புறப்பட்டது. தச்சரும் மகளும் பிங்லிப் பக்கம் போகிறார்கள், ஐந்து அடுக்கு லாக்கில் இறங்கி லீட்ஸ் வரை. காலை எட்டு மணிக்கு நாங்கள் வீட்டிலிருந்து நடந்து போய் அடுத்த சுழல்பாலத்தில் நின்றோம். அவர்களிடம் சொல்லவில்லை. படகு வளைவில் தெரிந்ததும் மனைவி தடுப்பைப் போட்டார், நான் பாலத்தைத் தள்ளினேன். இரண்டு கார்களும் ஒரு டிராக்டரும் காத்துநின்றன. மகள்தான் சுக்கானில் இருந்தாள். கொஞ்சம் வேகமாக வந்தாள். மனைவி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார், உடனே குறைத்துவிட்டாள். எங்கள் கட்டுமுளைகள் கூரையில் அதே இடத்தில் கிடந்தன. கடந்து போனதும் பாலத்தை மூடிப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தோம். அந்தச் சாவியைப் படகோடு கொடுக்காமல் வைத்துக்கொண்டேன், அவர்களிடம் இன்னொன்று இருக்கிறது.

கரும்பூச்சு

மகிழ்ச்சி. லைசென்ஸை ரத்து செய்ய எழுதிவிட்டீர்களா? மீதமுள்ள முழு மாதங்களுக்குத்தான் பணம் திருப்பித் தருவார்கள். மாதம் பிறக்கும் முன் அனுப்புங்கள்.

பதினான்குநாள்

இன்று காலை அனுப்பினேன்.